புதுப்பிப்பு: வாக்கி-டாக்கி என் முதல் வார்த்தையை விழுங்கிய கதை

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: "இடது பக்கம் திருப்பு" என்று நான் சொன்னால், எதிர்முனையில் "பக்கம் திருப்பு" என்றுதான் கேட்கிறது, மைக் போய்விட்டதா என்று. மைக் நன்றாகவே இருக்கிறது. தப்பு என் கட்டைவிரலில்.

பட்டனை அழுத்தியதும் ரிசீவர் அடங்கி, டிரான்ஸ்மிட்டர் விழிக்க வேண்டும். அதற்கே ஒரு நொடியின் சிறு பங்கு போகிறது. எங்கள் பேச்சு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் கருவி) வழியாக வேறு போகிறது. குரலுக்கு அடியில் ஓடும் மெல்லிய டோனை (67 முதல் 254 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஒன்று) அடையாளம் கண்ட பிறகுதான் அது கதவைத் திறக்கும். நானோ அழுத்தும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறேன். இப்போது அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேசுகிறேன். "இடது" முழுசாகப் போகிறது.

இருவர் ஒன்றாக அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த வாக்கி-டாக்கி பேசும் எஃப்எம் முறையில் வலுவான சிக்னல் மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் சமபலம் என்றால் வெறும் கீச்சொலிதான். வாக்கி-டாக்கி போலவே அழுத்திப் பேசும் போன் செயலிகளில் இந்தச் சண்டை குறைவு. பேசும் உரிமையை சர்வரே ஒருவருக்குக் கொடுக்கும். அழுத்தியதும் வரும் 'பீப்' பெரும்பாலும் அதற்குத்தான்.

கடைசி எழுத்து மட்டும் இன்னும் வெட்டுப்படுகிறது. பட்டனைச் சீக்கிரம் விட்டுவிடுகிறேன், பழக்கதோஷம்.