உலகப்போர்க் காலத்து 'சோல்ஜர்' அப்புமார்: உங்கள் வீட்டிலும் இருந்தார்களா?

கோண்டாவில் பேரன்:

எங்கள் அப்பு இரண்டாம் உலகப்போரில் படையில் இருந்தவர். பெரிதாக நினைக்க வேண்டாம். கடல் கடந்து போகவில்லை, திருகோணமலையில் காவல். 1946 இல் படையிலிருந்து விலக்கியதும் வீட்டுக்கு வந்து சுருட்டுக் கொட்டிலில் இருந்துவிட்டார். சத்தம் போடாத மனுசன். வீட்டில் ஆச்சியின் குரல்தான் கேட்கும்.

நான் எழுத வந்தது 1990 இல் நடந்தது. ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி, குண்டு போடுகிற பொம்மர் விமானம் வர ஆரம்பித்ததும் பின்வளவில் பங்கர் வெட்டினோம். நேராக ஒரு கிடங்கு, மேலே பனங்குற்றி, உரப்பையில் மண். அப்பு பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே இறங்கி, கடைசி மூலையில் போய்க் குந்திக்கொண்டு, "நான் தெரியிறனோ?" என்று கேட்டார். வாசலில் நின்ற அப்பா ஓம் என்றார்.

"நீ என்னைக் கண்டா சன்னமும் என்னைக் காணும். மடக்கி வெட்டடா!"

எழுபது வயதில் அப்படியொரு அதட்டல். அப்பா மறுபேச்சு இல்லாமல் மண்வெட்டியை எடுத்தார். மூச்சுவிட மறுபக்கம் ஒரு ஓட்டை வைக்கச் சொன்னதும் அவர்தான். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவர் எந்தக் கிடங்கில் இருந்தார், பக்கத்தில் யார் இருந்தது, ஒன்றும் சொன்னதில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

கரவெட்டிப் பிள்ளை:

எங்கள் அப்புவுக்கு மெடல் ஒன்று கிடைத்தது. அப்பு வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஆச்சி அதைத் தட்டாரிடம் கொண்டுபோனா, மூத்தவளுக்குத் தோடு செய்ய. தட்டார் உரசிப் பார்த்துவிட்டு, "இதில வெள்ளியும் இல்லை, ஒண்டும் இல்லை. கொண்டுபோய்ப் பிள்ளைக்கு விளையாடக் குடு" என்றாராம். ஆச்சி சாகும்வரை வெள்ளைக்காரனைத் திட்டியது இதற்காகத்தான். சுதந்திரம் எல்லாம் பிறகு.

மயிலிட்டியான்:

எல்லோரும் சோல்ஜர் என்கிறீர்கள். காக்கிக் காற்சட்டை போட்டவன் எல்லாம் சோல்ஜர் இல்லை. போர்க்காலத்தில் பலாலியில் விமான ஓடுபாதை போட்டபோது நாட்கூலிக்குக் கல் சுமந்தவர் எங்கள் பாட்டா. அவரும் காக்கிதான் போட்டார். ஆனால் ஒருநாளும் பட்டாளத்தான் என்று சொன்னதில்லை. உங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஸ்டோரில் மூட்டை எண்ணியவர்கள் என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் இருந்து சென்னைக்குப் போகும் வழியில் அதே பலாலியில் இறங்கியபோது பாட்டா பார்க்கப் போனாராம். பிறகு 1990 இல் ஊரை விட்டு எழும்பிச் சுன்னாகத்தில் சொந்தக்காரர் திண்ணையில் இருந்தோம். சகடை என்று நாங்கள் சொல்லும் ஆமி விமானம் தாழப் பறந்து பலாலிப் பக்கம் இறங்குகிற சத்தம் கேட்கும். பாட்டா சாப்பாட்டுக் கையோடு அப்படியே நிற்பார். "எங்கட கல்லிலதான் இறங்கிறான்" என்பார். கோபமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

தென்மராட்சி வாத்தி:

மயிலிட்டியான், மூட்டை எண்ணியவனும் படைதான். எண்ணாவிட்டால் துவக்கு வைத்திருந்தவன் எதைத் தின்பது? அந்தக் காலத்தில் இலங்கையில் கட்டாய ஆள்சேர்ப்பு இருக்கவில்லை. போனவர்கள் விரும்பிப் போனவர்கள், விருப்பம் என்பது பெரும்பாலும் சம்பளம். நாட்டுக்கென்று தனி இராணுவம் 1949 ஒக்டோபர் 10 இல்தான் உருவானது. அதற்கு முன்பு இருந்தது சிலோன் பாதுகாப்புப் படை. என் பெரியப்பாவும் அதில் கணக்குப் பிள்ளை. அவரைப் பற்றி எனக்கு நினைவில் நிற்பது, விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிப் படுக்கையைச் சதுரமாக மடிப்பார். அவ்வளவுதான்.

ஆனால் கரவெட்டிப் பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். தட்டார் சொன்னது சரி. 1939–45 போர் மெடல் செம்பும் நிக்கலும் கலந்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். இருபத்தெட்டு நாள் முழுநேரச் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்தது, ஊரை விட்டுப் போயிருக்க வேண்டும் என்றில்லை. ஓரத்தில் பெரும்பாலும் பெயர் வெட்டியிருக்காது. ஆகவே கொழும்பில் பழைய சாமான் கடையில் "இது உங்கட தாத்தாட மெடல்தான்" என்று யாராவது நீட்டினால் நம்பி வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பித்தளை மினுக்கும் பிரசோவும் வேண்டாம். நாடாவைத் தோய்க்காதீர்கள். மெடலைவிடச் சேவையிலிருந்து விலக்கிய கடதாசிதான் பெறுமதி. அதில்தான் படைப்பிரிவும் இலக்கமும் இருக்கும். பெட்டகத்தின் அடியில், காணி உறுதிகளோடு சேர்த்து வைத்திருப்பார்கள், தேடுங்கள். கண்டால் படம் எடுத்து இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். கறையான் உங்களைக் கேட்டுவிட்டு வராது.

கரவெட்டிப் பிள்ளை:

வாத்தி, மெடல் 95 இடப்பெயர்விலேயே போய்விட்டது. நான் ஆச்சியின் கதையைத்தான் சொன்னேன்.

வட்டுக்கோட்டை மகேஸ்:

எங்கள் கதை சிரிக்கிற மாதிரி இல்லை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்ததும் சனம் ஊர்களுக்கு ஓடத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். அம்மப்பா அப்போது கொழும்பில் காக்கியோடு நின்றவர். அவரைக் கோட்டை ஸ்டேஷனில் கூட்டத்தை மறிக்க விட்டார்கள். யாழ்ப்பாண மெயில் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. யன்னலாலும் ஆட்கள் ஏறுகிறார்கள்.

அந்த நெரிசலில் அவருடைய மச்சான், அம்மம்மாவின் தமையன், வெள்ளவத்தையில் கிளறிக்கல் உத்தியோகம், பெண்சாதியும் மூன்று பிள்ளைகளுமாக நிற்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கடைக்குட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியிருக்கிறார். அம்மப்பா துவக்கைக் குறுக்கே பிடித்தபடி, ஒரு தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்து, சிங்களத்தில் "பின்னுக்குப் போ" என்றாராம்.

தமிழில் சொல்லியிருந்தாலாவது மன்னித்திருப்பேன் என்று அந்த மாமா கடைசிவரை சொன்னார். பிறகு பர்மா அரிசி நின்று கூப்பன் வந்தது. அம்மப்பாவின் சம்பளக் காசு வந்தாலும் சங்கக் கடையில் வாங்க அரிசி போதாது. அம்மம்மா கைப்பிள்ளையோடு ஒடியல் பிட்டும் குரக்கனும் தின்று கிடந்தா. தமையன் வீட்டில் வயல் நெல் இருந்தது, ஒரு கொத்து வரவில்லை. அம்மாவின் கலியாணத்துக்கும் அவர்கள் வரவில்லை.

அம்மப்பாவிடம் நான் ஒருமுறை கேட்டேன். "அவனை விட்டிருந்தா, பின்னால நிண்டவன் ஏன் நிக்க வேணும்?" என்றார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

மயிலிட்டியான்:

சட்டம் பேசலாம். மூன்று சின்னப் பிள்ளைகள். ஒரு பெட்டிக்குள் இன்னும் மூன்று பிள்ளைகள் ஏறினால் ரயில் கவிழ்ந்துவிடுமா? நான் மாமா பக்கம்.

கோண்டாவில் பேரன்:

அந்த இடத்தில் நின்றால்தான் தெரியும். ஒருவரை விட்டால் மிதிபட்டே நாலு பேர் செத்திருப்பார்கள். மகேஸ், அவர்களுக்குப் பிறகு ரயில் கிடைத்ததா?

வட்டுக்கோட்டை மகேஸ்:

கிடைத்தது, அடுத்த நாள் இரவு. ஆனால் சாமான் ஒன்றும் ஏற்ற விடவில்லை. மாமியின் புது சிங்கர் தையல் மெஷினை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பிள்ளைகளை மறித்ததைக்கூட மாமி மறந்திருப்பா, மெஷினைத்தான் மறக்கவில்லை என்று அம்மம்மா சொல்லுவா.