மார்க்கா பள்ளத்தாக்கில் வயிற்றுப்போக்கு: ஆம்ச்சி தரும் பொடியை நம்பலாமா?

கூழாங்கல்:
லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்குக்கு நடக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழியில் ஸ்கியு கிராமம் தாண்டியதும் எனக்கு வயிறு கெட்டுவிட்டது. மார்க்கா கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது நிற்கக்கூடத் தெம்பில்லை. அன்றைக்கு அங்கே டாக்டர் யாரும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. தங்கியிருந்த வீட்டு அம்மாதான் பக்கத்து வீட்டு ஆம்ச்சியைக் கூட்டிவந்தார். சோவா ரிக்பா என்கிற திபெத்திய மருத்துவம் பார்ப்பவர்களை லடாக்கில் ஆம்ச்சி என்பார்கள். பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற தொழில்.

அவர் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சிறுநீர் என்ன நிறம், எங்கே தண்ணீர் குடித்தேன், ராத்திரி தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழுப்பு நிறப் பொடி ஒன்றைக் கொடுத்து வெந்நீரில் குடிக்கச் சொன்னார். குளிர்ந்த தண்ணீர் தொடக்கூடாது, பச்சையாக எதுவும் தின்னக்கூடாது, இடுப்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு நடக்கவே கூடாது. சொன்னபடி கேட்டேன். தேறினேன். கோங்மாரு லா கணவாயையும் கடந்தேன். மலையில் உடம்பு சரியில்லாமல் போனால், பையிலிருக்கும் ஆன்டிபயாடிக் அட்டையைக் கிழிப்பதற்கு முன்னால் ஆம்ச்சியைப் பாருங்கள்.

மதுரைமருத்துவர்:
நீங்கள் நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கடைசி வரியை வாசித்து யாராவது கிளம்பிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன்.

பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே நின்றுவிடும். வெந்நீர், ஓய்வு, சூடான கஞ்சி, இவை எந்த மருத்துவத்திலும் உதவும். பொடி குணமாக்கியதா, ஓய்வு குணமாக்கியதா என்று உங்கள் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்ல வழியே இல்லை.

எனக்குப் பெரிய பயம் வேறு. மார்க்காவுக்கு மேலே இருக்கும் ஹங்கர் கிராமம் சுமார் 4,000 மீட்டர். அடுத்த தங்கலான நிமாலிங் சுமார் 4,800. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது விதி. நல்ல உடம்போடு போகிறவர்களுக்கே அந்த ஒரு நாள் விதியை மீறுகிறது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய உடம்போடு போனால், தலைவலி, குமட்டல், சோர்வு எல்லாம் வரும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயரநோய்க்கும் இதே தலைவலி, இதே குமட்டல், இதே சோர்வு. எது எது என்று மேலே யாராலும் பிரிக்க முடியாது. ‘வயிறுதானே, மருந்து சாப்பிட்டாயிற்று’ என்று நினைத்து ஏறிக்கொண்டே போவார்கள். மூளையில் நீர் கோத்தால் ஒரு நாளுக்குள் உயிர் போகலாம்.

சித்தன்போக்கு:
டாக்டர் சார், வணக்கம். நான் சித்த மருத்துவம் படித்தவன். தானாகவே நின்றிருக்கும் என்று சொல்வது சுலபம். அதே வயிற்றுப்போக்குக்கு நார்ஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக்கொடுத்து குணமானால், மாத்திரையால்தான் குணம் என்பீர்களே?

சோவா ரிக்பா ஏதோ மலைவாசிகளின் கைவைத்தியம் இல்லை. நூற்று ஐம்பத்தாறு அத்தியாயம் கொண்ட ‘கியூ ஷி’ என்கிற நான்கு தந்திர நூல் இதற்கு ஆதாரம். நம் வாத பித்த கபம் மாதிரியே அங்கே லுங், திரிபா, பேகன். வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் 11-ஆம் நூற்றாண்டிலேயே, ரின்சென் சாங்போ என்கிற மொழிபெயர்ப்பாளர் காலத்தில், திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. அவர்களுடைய மருத்துவ புத்தர் கையில் ஏந்தியிருப்பது கடுக்காய்தான். 1696-இல் லாசாவில் சாக்போரி மருத்துவக் கல்லூரி வைத்துப் பாடம் நடத்தியவர்கள் அவர்கள். இந்திய அரசே 2010-இல் சட்டத்திருத்தம் செய்து அங்கீகரித்திருக்கிறது. லே நகரில் தேசிய சோவா ரிக்பா நிறுவனம் அமைக்க 2019-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

அந்த நூலில் சிகிச்சையின் வரிசையே முதலில் உணவு, பிறகு நடத்தை, அதற்கப்புறம்தான் மருந்து. கூழாங்கல்லுக்கு அந்த ஆம்ச்சி செய்ததும் அப்படியேதான். குளிர்ந்தது வேண்டாம், நடக்க வேண்டாம். ‘ஓய்வுதான் குணமாக்கியது’ என்கிறீர்கள். அந்த ஓய்வும் சிகிச்சையின் பகுதிதான் சார்.

மதுரைமருத்துவர்:
ஓய்வு எடுக்கச் சொன்னதற்கு அந்தப் பெரியவரை மனதாரப் பாராட்டுகிறேன். நூலின் பழமையோ அரசு அங்கீகாரமோ குறிப்பிட்ட ஒரு பொடி குறிப்பிட்ட ஒரு நோயைத் தீர்க்கும் என்று நிரூபிக்காது. நார்ஃப்ளாக்சசின் பற்றிக் கேட்டது நியாயம். அதையும் கண்டபடி எழுதித் தருவதை நான் எதிர்க்கிறேன். சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் போதும். பொட்டலம் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

நடைப்பயணிகளுக்கு ஜியார்டியா இன்னொரு தொல்லை. ஒட்டுண்ணி உள்ளே போய் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தொடங்கும். வயிறு உப்பும், அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வரும், நின்ற மாதிரி இருந்து மறுபடி ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் எந்தப் பொடி சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். ஊருக்கு வந்து மலப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

நடைவண்டி:
லடாக்கில் பல பருவங்களாக ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிறேன். தண்ணீர் விஷயத்தில் டாக்டர் சொல்வது முழுக்க உண்மை. நிமாலிங் பெரிய மேய்ச்சல் வெளி. கோடையில் ஆடும் யாக்கும் அங்கேதான் நிற்கும். அந்த ஓடைதான் கீழே இறங்கி மார்க்கா ஆற்றோடு சேருகிறது. பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று நம்ம ஆட்கள் பாட்டிலில் பிடித்து அப்படியே குடிப்பார்கள். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ஆனாலும் கொதித்த தண்ணீர் கொதித்த தண்ணீர்தான், ஜியார்டியா சாகும்.

ஹங்கரிலிருந்து ஒரே மூச்சில் நிமாலிங் போகாமல் நடுவில் தாச்சுங்சேயில் ஒரு ராத்திரி கூடாரம் போடலாம். அவசரக்காரர்கள்தான் அதைத் தாண்டி ஓடுகிறார்கள்.

ஆனால் டாக்டர், ஒன்று சொல்லணும். எனக்குத் தெரிந்த ஆம்ச்சிகள் தலைவலியோடு தள்ளாடி வருகிற வெளியூர்க்காரரைப் பார்த்தால் பொடி கொடுத்து மேலே அனுப்ப மாட்டார்கள். ‘இறங்கு’ என்பார்கள். குதிரைக்காரரைக் கூப்பிடுவதே அவர்கள்தான். விமானத்தில் லே வந்து இறங்கிய மறுநாளே உயரமான கர்துங் லா கணவாய்க்கு ஜீப் ஏறுகிற நம்ம ஆட்களைவிட உயரத்தைப் பற்றி அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மதுரைமருத்துவர்:
அப்படிக் கீழே அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் அவர் நல்ல மருத்துவர். நான் சண்டை போடுவது அவரோடு இல்லை. ‘ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் ஆம்ச்சி’ என்று பொதுவிதி போடுவதோடுதான். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல் இருந்தால் அந்த அட்டையைக் கிழிக்கத்தான் வேண்டும், கீழே இறங்கத்தான் வேண்டும். இன்னொன்று, உயரநோய் வராமலிருக்க அசிட்டசோலமைடு எடுப்பவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும். அதோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் நீரும் பொட்டாசியமும் இரண்டு வழியிலும் வெளியேறும். நாடி பார்ப்பவரிடம் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்?

கேட்காமலேயே ஒன்றைச் சேர்க்கிறேன். பட்டுத்துணியில் சுற்றி விற்கும் ரின்சென் ரில்பு என்கிற ‘ரத்தின மாத்திரை’களை நம்மவர்கள் தர்மசாலாவில் பிரசாதம் மாதிரி வாங்கி வருகிறார்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தயவுசெய்து தொடாதீர்கள்.

சித்தன்போக்கு:
அந்தப் பாதரசம் அப்படியே போடப்படுவதில்லை. பல நாள் சுத்தி, அதாவது சுத்திகரிப்பு, செய்து, கந்தகத்தோடு சேர்த்து, சோதெல் என்று தனிப் பொருளாக்கிய பிறகே சேர்க்கிறார்கள். எங்கள் ரச (பாதரச) மருந்துகளிலும் இதே ஒழுங்கு உண்டு. முறையாகச் செய்ததற்கும் அரைகுறையாகச் செய்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடையில் வாங்கித் தானாக விழுங்குவது தவறு என்பதில் உங்களோடு நிற்கிறேன். நாடி பார்த்தவர் கையால் வாங்குவதைப் பயமுறுத்தி நிறுத்துவதை ஏற்க மாட்டேன்.

மதுரைமருத்துவர்:
சுத்தி சரியாக நடந்ததா என்பதை நோயாளி எப்படி அறிவார்? ஒவ்வொரு தொகுப்பையும் ஆய்வகத்தில் சோதித்து, முடிவை உறையில் அச்சடிக்கட்டும். அலோபதி மருந்துக்கும் இதையேதான் கேட்கிறேன்.

கூழாங்கல்:
எல்லோருடைய பதிலையும் வாசித்தேன். எனக்குத் தலைவலி இல்லை, ரத்தம் போகவில்லை, அசிட்டசோலமைடும் எடுக்கவில்லை. இதையெல்லாம் அந்த ஆம்ச்சி கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பொடியையே எடுத்தார். ஓய்வு முடிந்து மேலே கிளம்பிய அன்று காலையில் வாசலில் என்னை நேர்கோட்டில் அடி மேல் அடி வைத்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். அதுவும் ஒரு பரிசோதனைதானே டாக்டர்?

நீங்கள் மதுரையில் உட்கார்ந்து ‘எது நிரூபணமானது’ என்று கேட்கிறீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுக்க இருக்கப்போகும் வைத்தியர் அவர் மட்டும்தான். முன்பெல்லாம் அறுவடைக்கு ஊரே திரண்டு ஆம்ச்சியின் வயலில் வேலை செய்து கைம்மாறு செய்யுமாம். இப்போது பிள்ளைகள் லேவுக்கு வேலைக்குப் போய்விட, அவர் தனியாகத்தான் மூலிகைக்கு மலையேறுகிறார். நம்மைப் போன்றவர்கள் அவரிடம் போவதையும் நிறுத்திவிட்டால் அடுத்த ஆம்ச்சி வரமாட்டார்.

மதுரைமருத்துவர்:
அடி மேல் அடி வைத்து நடக்கச் சொல்வது மூளை வீக்கத்துக்கு நாங்களும் செய்கிற பரிசோதனை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் ஒரு தொழில் அழியக் கூடாது என்பதற்காக நோயாளியை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். அவருக்குச் சம்பளமும் ஓஆர்எஸ் பெட்டியும் ஆக்சிஜன் அளக்கும் கருவியும் கொடுக்க வேண்டியது அரசு. அதைக் கேட்டு மனு எழுதினால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

நடைவண்டி:
மனுவை எழுதுங்க. ஜூனில் அந்தப் பக்கம் போகிறேன், ஊர்த்தலைவரிடம் கையெழுத்து வாங்கி வருகிறேன்.