கிபுட்ஸ் ஆவணப்படங்கள்: உள்ளே வாழ்ந்தவர் குரல் மட்டும் போதுமா?

வெண்திரை: இஸ்ரேலிய இயக்குநர் ரான் தால் 2007இல் வெளியிட்ட 'சூரியனின் குழந்தைகள்' படத்தை மீண்டும் பார்த்தேன். உழைப்பும் உடைமையும் பொதுவென்று யூதர்கள் இஸ்ரேலில் அமைத்த குடியிருப்புகளான கிபுட்ஸ்களின் கூட்டு வாழ்வைப் பற்றி இதைவிட நேர்மையான படத்தை நான் கண்டதில்லை. அங்கிருந்தவர்கள் அந்தக் காலத்தில் எடுத்துவைத்த படச்சுருள்கள்தாம் திரையில் ஓடுகின்றன. அங்கே வளர்ந்து முதுமை எய்தியவர்களின் குரல்கள் பின்னணியில் கேட்கின்றன. பேசுகிறவரின் முகம் தெரிவதில்லை. வெயிலில் சிரித்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, தாய் தந்தையரை விட்டுக் குழந்தைகள் இல்லத்தில் உறங்கிய இரவுகள் நம் காதில் விழுகின்றன. முதல் கிபுட்ஸான டெகானியா, அந்தக் கூட்டு வாழ்வின் அடிப்படையான சம ஊதியத்தைக் கைவிட முடிவெடுத்ததும் அதே 2007இல்தான்.

கரிசல்: படத்தின் கலைநேர்த்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் கிபுட்ஸின் கதையை ஒரு குடும்பத்தின் உள்துயரமாக மட்டும் சொல்வதை ஏற்க மனம் வரவில்லை. 1950களில் மொராக்கோவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் இஸ்ரேலுக்கு வந்த யூதர்களில் பலர் கிபுட்ஸ்களுக்கு அருகிலிருந்த புதிய நகரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கூலிக்கு ஆள் வைப்பதில்லை என்று கொள்கை பேசிய கிபுட்ஸ்கள் அவர்களையே தம் ஆலைகளில் கூலிக்கு அமர்த்தின. நிர் டேவிட் கிபுட்ஸுக்குள் ஓடும் அசி ஓடையில் தங்களுக்கும் இறங்கிக் குளிக்க உரிமை வேண்டுமென்று அப்படிப்பட்ட நகரங்களில் ஒன்றான பெத் ஷெயானின் மக்கள் போராடியது அந்தப் பழைய காயத்தின் தொடர்ச்சிதான். 1948 போரில் ஊரிழந்த பாலஸ்தீனர்களின் நிலங்கள் சில கிபுட்ஸ்களின் கைக்கு வந்ததைப் பற்றியும் பேச வேண்டாமா?

வெண்திரை: பேசத்தான் வேண்டும். ஆனால் படச்சுருளில் இல்லாதவர்களை இயக்குநர் எங்கிருந்து கொண்டுவருவார்? அவ்வளவு காலம் படமெடுத்தவர்களின் கண்ணில் அவர்கள் படவில்லை என்பதே ஒரு சாட்சியம் அல்லவா?

கரிசல்: முன்பே விவரம் அறிந்தவருக்குத்தான் அந்த இன்மை புலப்படும், அறியாதவருக்கு அது வெறும் வெற்றிடம். 2001இல் வந்த 'வாக்குறுதிகள்' படத்தை நினைத்துப் பாருங்கள். ஜெருசலேத்தைச் சுற்றி வாழும் இஸ்ரேலிய, பாலஸ்தீனச் சிறுவர் எழுவரைப் பற்றிய அந்தப் படத்தில், இரட்டையரான யூதச் சிறுவர்கள் பாலஸ்தீனர்கள் வாழும் டெஹெய்ஷே அகதி முகாமுக்குப் போகிறார்கள். கூடி விளையாடுகிறார்கள், ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். இயக்குநர் விரைவில் ஊர் திரும்பிவிடுவார், பிறகு இந்த நட்பு மறந்துபோகும் என்று சொல்லி ஒரு பாலஸ்தீனச் சிறுவன் அழுகிறான்.

வெண்திரை: என்னை உறுத்துவதும் அந்த அழுகைதான். சந்திப்பை ஏற்பாடு செய்தவர்கள் படக்குழுவினர். வேலை முடிந்ததும் போய்விடுகிறவர்களும் அவர்களே. பிள்ளைகளின் மனத்தில் ஓர் ஆசையை மூட்டிவிட்டு, அது முறியும் கணத்தைப் படமாக்குவதை எப்படி நியாயப்படுத்துவது?

கரிசல்: அவர்கள் அதை மறைக்கவில்லையே. இயக்குநர்களில் ஒருவரான கோல்ட்பெர்க் பிள்ளைகளோடு தாமும் திரையில் இருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று, அந்த உறவு தேய்ந்துபோனதையும் படத்திலேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதி இல்லாதிருந்தால் உங்கள் குற்றச்சாட்டை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

வெண்திரை: அந்தப் பகுதிக்காகப் படத்தை மதிக்கிறேன். ஆயினும், அழுத அதே சிறுவன் தன் பாட்டியோடு அவர்களின் இடிந்துபோன ஊரைத் தேடிச் செல்லும் காட்சிதான் என் நெஞ்சில் நிற்கிறது. அங்கே எந்தச் சந்திப்பும் இல்லை. ஒரு கிழவியும் பேரனும் கற்குவியலும் மட்டுமே. நீங்கள் கேட்கும் வெளியாள் ஒரு கிபுட்ஸ் படத்துக்குள் வருவதானால், அந்தப் பாட்டியைப் போலத் தன் மண்ணில் நின்று தன் கதையைத் தானே சொல்லட்டும். அப்படிப்பட்ட படத்தை நானும் எதிர்பார்க்கிறேன்.