கெரிமாண்டரிங்: ‘தொகுதி வளைப்பு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு தரப்புக்குச் சாதகமாகத் தேர்தல் தொகுதிகளின் எல்லையைக் கோணலாக வரைவதுதான் கெரிமாண்டரிங். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம், குழுவில் ஒருவர் சொன்னது இது:

> ‘தொகுதிச் சூழ்ச்சி’ என்றே வைத்துவிடலாமே. படித்ததும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் சொல்லே தீர்ப்பையும் எழுதிவிடுகிறது, எனக்கு இடிப்பது அதுதான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து 12ஆம் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள இரண்டாவது தொகுதி வேண்டும் என்று வாஷிங்டன் (நடுவண் அரசு) நெருக்கியதால் வரைந்தது. 85ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே சுமார் 160 மைல் நீளம். சில இடங்களில் அகலமே அந்தச் சாலை அளவுதான். ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போல) வடக்கே போகும் வண்டி ஒரு தொகுதியில் இருக்கும், எதிரே தெற்கே வரும் வண்டி இன்னொன்றில். அடுத்த கவுண்டிக்குள் நுழைந்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். நான் கதை விடவில்லை, 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஷா – ரீனோ வழக்குத் தீர்ப்பிலேயே இது இருக்கிறது.

ஆனால் 1992இல் கறுப்பினத்தவரான மெல் வாட் ஜெயித்தது இந்தக் கோணல் தொகுதியில்தான். அதே தேர்தலில் 1ஆம் தொகுதியில் ஈவா கிளேட்டன், அவரும் கறுப்பினத்தவர். 1901இல் ஜார்ஜ் ஹென்றி வைட் வெளியேறியதிலிருந்து அதுவரை அந்த மாநிலத்துக் கறுப்பினத்தவர் ஒருவர்கூட காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) போனதில்லை. இதைச் சூழ்ச்சி என்பதா?

அதே தொகுதியில் 2011இல் குடியரசுக் கட்சியினர் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரின் பங்கை 43.8 விழுக்காட்டிலிருந்து 50.7 ஆக்கினார்கள். கறுப்பினத்தவர் விரும்பிய வேட்பாளர் ஏற்கெனவே சுலபமாக வென்றுகொண்டிருந்த இடம் அது! 2017இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. (இப்படி ஒரு பிரிவு வாக்காளர்களை ஒரே தொகுதியில் திணிப்பதற்கு ‘வாக்குக் குவிப்பு’ என்று தனிச்சொல் வைக்கலாம். பல தொகுதிகளில் பிரித்துவிடும் எதிர்மாறானதற்கு ‘சிதறடிப்பு’.) அதற்குள் வரைபடம் மாறி, தொகுதி சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுண்டிக்குள் சுருங்கிவிட்டது.

ஆகவே ‘தொகுதி வளைப்பு’ என்கிறேன். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் கெரியின் பெயரை, பல்லி போன்ற சாலமாண்டரோடு ஒட்டியதே தொகுதியின் வடிவத்தைப் பார்த்துத்தானே. கோடு வளைவதும் இதில் வரும். “ரோட்டோர நிலத்தை வளைத்துப் போட்டான்” என்கிறோமே, அதுவும் வரும். எது தூக்கல் என்பதை இடம் பார்த்துப் படித்துக்கொள்ளலாம்.

அப்புறம், ‘congressional district’ என்பதற்குத் தயவுசெய்து ‘காங்கிரஸ் மாவட்டம்’ வேண்டாம். நம் மாவட்டத்துக்குக் கிட்ட வருவது கவுண்டி, இது தொகுதி. காங்கிரஸ் என்றால் நம்மூரில் கைச் சின்னம்தான் நினைவுக்கு வரும்.

இலங்கை நண்பர்களுக்கு, ராணுவம் ஊரை வளைத்துத் தேடும் ‘சுற்றிவளைப்பு’ ஞாபகம் வருமோ?

———

> ‘சுற்றிவளைப்பு’ ஞாபகம் வருமோ?

வரும்தான். ஆனால் ‘சுற்றி’ இல்லாமல் நின்றால் இலங்கையில் எங்களுக்குக் குழப்பமில்லை. என் சிக்கல் வினைச்சொல்லில். “தொகுதியை வளைத்தார்கள்” என்று செய்தியில் வந்தால், தேர்தலில் பிடித்துவிட்டார்கள் என்றல்லவா படிப்போம்? “எல்லையை வளைத்தார்கள்” என்றால் அந்தப் பயம் இல்லை. ‘தொகுதி எல்லை வளைப்பு’ என்று ஒரு சொல் கூட்டிக்கொள்ளலாமா?