பாலைவனத்தில் சாகே, அதுவும் மூலிகை போட்டு: சரிவருமா?

பீனிக்ஸ்வாசி:
அடுத்த மாதம் குடும்பத்தோடு பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், வழியில் ஹோல்புரூக் வருகிறது. அந்தச் சின்ன ஊரில் ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து வந்த அட்சுவோ சகுராய் என்பவர் ‘அரிசோனா சாகே’ என்ற பெயரில் சாகே, அதாவது ஜப்பானிய அரிசி மது, செய்யும் ஆலையை நடத்துகிறார். வீட்டு கராஜில் தொடங்கியது, 2018இல் ஜப்பானின் ‘சாகே காம்பெடிஷன்’ போட்டியில் வெளிநாட்டுப் பிரிவில் தங்கம் வாங்கிவிட்டது. அவர் செய்யும் ஒரு வகையில் அந்தப் பகுதியின் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் குடிக்கும் காட்டு மூலிகைத் தேநீர் சேர்கிறது. சாகே என்றாலே பனி, ஈரம், ஆற்றுத் தண்ணீர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த வறண்ட ஊரில் எப்படி முடிகிறது? மூலிகை போட்டபின் அது சாகேதானா?

நொதிப்பிரியன்:
வறட்சி கெடுதல் என்று யார் சொன்னது? சாகேவின் உயிரே கோஜி, அதாவது பூஞ்சை வளர்த்த அரிசிதான். வேகவைத்த அரிசியில் பூஞ்சையைத் தூவி ஏறக்குறைய இரண்டு நாள் சூடான அறையில் வளர்ப்பார்கள், அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் காய்ச்சி வடிக்காமலே 18, 20 சதவீதம் வரை ஏறுகிறது. இதில் நுணுக்கம் என்னவென்றால், அரிசியின் மேல்பகுதி ஈரமாக இருந்தால் பூஞ்சை மேலாகவே படர்ந்து நின்றுவிடும். மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் அதைத் தேடிக்கொண்டு நடு அரிசி வரை வேர்விடும். அரிசியை நன்றாகத் தீட்டிச் செய்யும் ஜின்ஜோ என்ற உயர்ரக சாகேவுக்கு வேண்டியது அதுதான். ஜப்பானில் ஈரத்தைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள், ஹோல்புரூக்கில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். வேண்டாத பூசணமும் குறைவு. குளிரும் இருக்கிறது: ஊர் 1,500 மீட்டருக்கு மேல், குளிர்கால இரவில் தண்ணீர் உறையும். தண்ணீரில் இரும்பு மட்டும் இருக்கக் கூடாது, நிறமும் மணமும் கெட்டுவிடும்.

கயல்:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஜப்பான் சட்டப்படி இல்லை. அங்கே அரிசி, கோஜி, தண்ணீரோடு மூலிகையோ பழமோ சேர்த்து நொதிக்க வைத்தால் வேறு மது வகையில் போய்விடும். ஆனால் அங்கே இளைஞர்கள் பலர் அந்த வகையில்தான் உரிமம் வாங்கித் தொழில் செய்கிறார்கள், ஏனென்றால் உள்நாட்டு விற்பனைக்குப் புது சாகே உரிமம் கிடைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், 2021இல் திறந்த வழிகூட ஏற்றுமதிக்கு மட்டும். சொந்தமாகச் சாகே செய்ய விரும்பியவர் கடல் தாண்டியதற்கு எனக்கு இதுவே போதுமான நியாயம். அரிசி கலிபோர்னியா மாதிரி வெளியிடத்திலிருந்துதான் வரவேண்டும், பாலைவனத்தில் நெல்லுக்கு எங்கே போவது? அந்த மண்ணின் பெயரைச் சொல்ல மூலிகைதான் மிச்சம். அதைச் சேர்ப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

செந்தில்_டூசான்:
கயல், ஒன்றை விட்டுவிட்டீர்கள். நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நேஷனுக்குள் மது விற்பதும் வைத்திருப்பதும் பொதுவாகத் தடை. ஹோல்புரூக் அதற்கு வெளியே இருக்கும் ஊர். மது அந்த மக்களுக்குச் செய்த சேதம் கொஞ்சமல்ல, அவர்கள் வீட்டில் மருந்தாகவும் விருந்தினருக்கும் கொதிக்க வைக்கிற செடி மதுப்புட்டியில் வருவது எல்லோருக்கும் உவப்பாக இருக்காது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செடியைப் பறிப்பவருக்கு நல்ல விலை போகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கயல்:
நியாயம்தான் செந்தில் அண்ணா. அந்தக் கேள்வியை நானும் கேட்பேன்.

பீனிக்ஸ்வாசி:
எல்லோருக்கும் நன்றி. போனால் நேரிலேயே கேட்கிறேன். எந்த வகை வாங்கலாம்?

நொதிப்பிரியன்:
முதலில் மூலிகை சேராத ஜுன்மாய் ஜின்ஜோ (ஜுன்மாய் என்றால் தனியாக ஆல்கஹால் கலக்காதது), அப்புறம் தேநீர் சேர்ந்தது. அந்த வரிசையில் குடித்தால்தான் செடி என்ன செய்கிறது என்று நாக்குக்குப் பிடிபடும். லேபிளில் நாமா என்று இருந்தால் சூடுபடுத்தாதது, குளிரிலேயே இருக்கவேண்டும். பீனிக்ஸ் திரும்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஐஸ் பெட்டி இல்லாமல் போகாதீர்கள். வண்டி ஓட்டுபவர் வீட்டுக்கு வந்தபின் திறக்கட்டும்.