தனிய இருக்கிறதுக்கு மாசம் 28,000 குடுக்கலாமா? திருகோணமலையில அப்பிடி இருந்து பாத்தவங்க உங்கட கதையச் சொல்லுங்க

கல்லடிக்காரி:
நான் மட்டக்களப்பு, கல்லடி. வேலை திருமலையில, மாகாண சபைக்குக் கீழ உள்ள ஒரு டிப்பார்ட்மென்டில, நாலு வருசமாகுது. இப்ப இருக்கிறது உவர்மலையில ஒரு போர்டிங், ஒரு ரூமுக்கு மூண்டு பேர், ஆளுக்கு 9,000, சாப்பாடு தனி. மற்ற ரெண்டு பேரும் நல்ல பிள்ளையள்தான், குறை சொல்லக் கூடாது, ஆனா ஒராள் அஞ்சு மணிக்கு அலாரம் வச்சிட்டு ஆறு மணி மட்டும் அது அடிக்க அடிக்கப் படுத்துக் கிடப்பா, மற்றவ இரவு பதினொரு மணிக்குத்தான் வெளிநாட்டில இருக்கிற மாப்பிளையோட கதைக்கத் தொடங்குவா, அவர் பேசுறது எங்களுக்குக் கேக்காது, ஆனா இவ திருப்பித் திருப்பிக் கேக்கிறதில இருந்து அவர் இண்டைக்கு என்ன சாப்பிட்டவர் எண்டது வரைக்கும் எனக்குத் தெரியும்.

போன கிழமை டச் பே கடற்கரைக்குக் கிட்ட ஒரு அனெக்ஸ் பாத்தனான். ஒரு ரூம், சின்னக் குசினி, அட்டாச் பாத்ரூம், தனி வாசல். தனி வாசல் எண்டு கேட்ட உடனயே எனக்கு மனசு அங்க போயிட்டு. வாடகை 28,000, ஆறு மாச அட்வான்ஸ், கரண்டும் தண்ணியும் வேற. எனக்கு இடர்கடன் (ஒபிஸில எடுத்து சம்பளத்தில கட்டுற லோன்) எல்லாம் கழிபட்டு கைக்கு வாறது 71,000 சொச்சம்.

இதில இன்னொரு கணக்கு இருக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்கு பஸ் ஏறினா திங்கள் விடியத்தான் திரும்பி வாறது, எங்கட ஒபிஸில பாதிப் பேர் அப்பிடித்தான். லீவு, போயா எல்லாம் கழிச்சுப் பாத்தா மாசத்தில 16 இரவுதான் நான் திருமலையில படுக்கிறன். 28,000ஐ 16ஆல பிரிச்சா ஒரு இரவுக்கு 1,750. அதப் பாத்திட்டு ஃபோனக் கவுத்து வச்சிட்டன்.

அம்மாட்ட சொன்னதும் வந்ததுதான் பெரிய பிரச்சினை. எங்கட பக்கம் பொம்பிளப் பிள்ளைக்கு வீடு கட்டிக் குடுக்கிற வழக்கம் தெரியும்தானே. எனக்கெண்டு வளவுக்குள்ளயே ஒரு வீடு எழும்பி லிண்டல் மட்டத்தில நிக்குது, 2022ல சீமெந்து விலை ஏறினதோட நிண்டது அப்பிடியே நிக்குது, நான் இடர்கடன் எடுத்ததே அதுக்குத்தான். "உன்ட வீடு கூரையில்லாம மழையில நனையுது, நீ அங்க ஆற்றயோ வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டப் போறியா" எண்டு கேக்கிறா. நியாயம்தான். நானும் ஒண்டு கேட்டன், "சரி, கூரை போட்டா நான் அதில போய்த் தனிய இருக்கலாமா?" எண்டு. அம்மா ஃபோன அப்பாட்டக் குடுத்திட்டா.

அப்பா "சாப்பிட்டியா மகள்" எண்டு கேட்டிட்டு வச்சிட்டார். தனிய இருந்து பாத்தவங்க சொல்லுங்க, நல்லது கெட்டது ரெண்டும்.

துறையடி நானா:
தங்கச்சி, நான் கிண்ணியா. என்ட கதை ஆசையில தொடங்கின கதை இல்ல, பெற்றோல்ல தொடங்கினது. 2009ல பாலம் திறக்க முதல் துறையடியில பாதைக்கு, அதான் அக்கரைக்கு ஏத்திப் போற மிதவைக்கு, காத்து நின்ட ஆக்கள் நாங்க, பாலம் வந்த பிறகு டவுணுக்குப் போறது ஒரு விசயமே இல்ல, அதால டவுண்ல ரூம் எடுத்து இருக்கிறவனப் பாத்தா காசக் கடல்ல கொட்டுறான் என்டு நினைப்பேன். 2022 வந்திச்சு. லீட்டர் 470க்குப் போச்சு, பிறகு பெற்றோலுக்கு கியூஆர் கோட் பங்கீடு வந்து பைக்குக்குக் கிழமைக்கு 4 லீட்டர்தான். எனக்குப் போக வர 40 கிலோமீட்டர், என்ட கிழட்டு பைக் லீட்டருக்கு 40தான் ஓடும். வியாழக்கிழமை வீட்டுக்கு வரக்குள்ள டேங்க் காஞ்சிரும், வெள்ளிக்கிழமைக்கு ஆரிட்டயும் தொங்கிப் போகணும். ஓவர்டைம் இருந்தா அதுவும் இல்ல, பஸ்ஸும் போயிரும்.

அதுக்காகப் பாலையூத்துப் பக்கம் ஒரு ரூம் எடுத்தேன், 11,000, ஆறு மாசத்துக்கு என்டு சொல்லித்தான் எடுத்த. ரெண்டு வருசம் இருந்தேன். எங்கட வீட்டுல எட்டுப் பேர், நான் பொறந்ததுல இருந்து ஒரு கதவ நானே பூட்டி நானே திறந்ததில்ல. முதல் மாசம் வேலை விட்டு வந்து ஃபேனுக்குக் கீழ சும்மா கிடப்பேன், ஒருத்தரும் கடைக்குப் போயிட்டு வா என்டு சொல்ல மாட்டாங்க, அது என்ன சுகம் என்டு சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. சாப்பாட்டுலதான் பிழைச்சது. ராவைக்கு ராவைக்குக் கொத்து, மூணாம் மாசம் கணக்குப் பாத்தா கொத்துக்குப் போன காசு வாடகைய விடக் கூட. நீங்க வாடகைய மட்டும் பாக்காதீங்க, சமைப்பீங்களா என்டதையும் உண்மையா யோசிங்க.

நோம்பு மாசம் வந்திச்சு. பின்னேரத்துக்குப் பிரச்சினை இல்ல, பள்ளியில கஞ்சி இருக்கு, ஆக்கள் இருக்காங்க. சஹருக்குத்தான் எழுப்ப ஆளில்ல. ரெண்டு நாள் அலாரத்த நிப்பாட்டிட்டுத் தூங்கி, பட்டினியோட நோம்பு பிடிச்சேன். உம்மாக்கு எப்பிடித் தெரிஞ்சதோ, மூணாம் நாள்ல இருந்து மிச்ச நோம்பு முழுக்க ஃபோன் அடிச்சு எழுப்பினா, நான் சாப்பிடுற சத்தம் கேட்டாத்தான் வைப்பா. அவ அங்க சாப்பிடுற சத்தமும் எனக்குக் கேக்கும்.

இப்ப திரும்ப வீட்டுலதான். அந்த ரெண்டு வருசக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் எடுத்திருக்கலாம் என்டு தம்பி இன்னும் சொல்றான். ஆனா நான் டிப்பார்ட்மென்ட் எக்ஸாம் பாஸ் பண்ணின அந்த ரூம்லதான், எட்டுப் பேருக்கு நடுவுல அது நடந்திராது.

மட்டிக்களி மச்சான்:
28,000 கூட. 168,000 ஒரேயடியா கையில இருந்து போகுது, அத ஏன் ஒருத்தரும் பேசேல்ல? அன்புவழிபுரம், லிங்கநகர் பக்கம் கேட்டுப் பாருங்க, ஓட்டோக் காசையும் சேத்துப் பாத்தாலும் குறைய வரும். கடல் பாக்கிறதுக்குக் காசு குடுக்கிறது வெளிநாட்டுக்காரருக்குச் சரி, நமக்கு அது சும்மா கிடக்கிற சாமான்.

கச்சான் காத்து:
கடல் சும்மா கிடக்குது எண்டு சொன்ன தம்பிக்குத்தான் இது. நான் உப்புவெளியில தனிய இருந்தனான், ஊர் வவுனியா, படிப்பிக்கிறது இங்க ஒரு பள்ளிக்கூடத்தில. ஒரு ஒக்டோபர் மாசம் 18,000க்கு ஒரு அனெக்ஸ் கிடைச்சுது, கடலுக்கு அஞ்சு நிமிச நடை, இவ்வளவு மலிவா எண்டு நானே யோசிச்சனான், ஆனா மலிவாக் கிடைச்சா ஆர் கேள்வி கேக்கிறது. மாரி முழுக்க வீட்டுக்காரர் தேனாக் கதைச்சார், வாடையில கூரைத் தகரம் படபடத்தா அவரே ஏணியோட வந்து நிப்பார். சித்திரை வருசம் முடிஞ்ச கையோட, "பிள்ளை, மே தொடக்கம் செப்டம்பர் மட்டும் வேற இடம் ஒண்டு பாத்துக்கொள்ளும், ஒக்டோபர் திரும்ப வாரும்" எண்டார். சீசனுக்கு வாற வெள்ளைக்காரர் நாலு இரவு நிண்டா நான் மாசத்துக்குக் குடுக்கிற காசு வந்திடும், அவருக்கு நான் மாரிக்கு வீடு பாத்துக்கொள்ள வந்த ஆள்.

கையில இருந்தது முத்திரை ஒட்டிக் கையெழுத்து வச்ச ஒரு துண்டு. தெரிஞ்ச சட்டத்தரணி அக்கா ஒராளிட்டக் காட்டினன், அவ சிரிச்சா. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டா நொத்தாரிசு முன்னால எழுதினாத்தான் சட்டப்படி நிக்குமாம், 1840ம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது, இண்டைக்கும் அதுதான். அப்ப நான் வெள்ளைக்காரன்ட சட்டத்தால ஒருக்கா, வெள்ளைக்காரன்ட லீவால ஒருக்கா வெளிய வந்தனான். டச் பே பக்கமும் கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, அதால முதல் கேள்வி "சீசனுக்கும் நான் இருக்கலாமோ" எண்டதா இருக்கட்டும், எழுத்திலயும் வாங்குங்கோ.

ரெண்டாவது, தனி வாசல் எண்டு சொன்னீங்கள். கேட் எத்தினை? என்ட அனெக்ஸுக்கும் தனி வாசல்தான், கேட் ஒண்டுதான், துருப் பிடிச்ச கேட், திறந்தா தெரு முழுக்கக் கேக்கும். தம்பி ஒரு இரவு வந்து நிண்டிட்டுப் போக அடுத்த நாள் வீட்டுக்கார அன்ரி பிளேன்ரீ கொண்டு வந்து கதவடியில நிண்டு "ஆர் பிள்ளை வந்தது, உம்மட முகச்சாடை இல்லையே" எண்டா. கூடாத மனுசி இல்ல, எனக்குக் காய்ச்சல் வந்தா கொத்தமல்லி அவிச்சுத் தாறதும் அவதான். வாடகையோட சேத்து அந்தக் கண்ணையும் எடுக்கத்தான் வேணும்.

பயம் எண்டு கேட்டா முதல் கிழமைதான். ஒரு நாள் இரவு வெளியில ஆரோ நடக்கிற சத்தம், நான் தும்புத்தடியோட யன்னலடியில நிக்கிறன், பாத்தா மான். ரெண்டு மான், என்ட குப்பைப் பையக் கிழிச்சு வாழைப்பழத் தோல் தின்னுது. திருமலையில தனிய இருக்கிற எல்லாருக்கும் இப்பிடி ஒரு மான் கதை இருக்கும்.

நைட் மெயில்:
நான் திருமலை ஆள், திருக்கடலூர். தனிய இருந்தது கொழும்பில, வெள்ளவத்தையில, 2006 கடைசியில இருந்து, சண்டைக் காலம். உங்கட வயசுக்காரருக்கு இது வேற கதை மாதிரி இருக்கும், ஆனா வாடகை எண்ட உடன எனக்கு வாறது இதுதான். சம்பளம் 30,000, அனெக்ஸ் 15,000. லொட்ஜில அதில பாதிக்கு இருந்திருக்கலாம், கூடப் படிச்ச பெடியள் எல்லாரும் லொட்ஜில, ஒரு ரூமில நாலு பேர், காட்ஸ் விளையாட்டும் பாட்டுமா இருப்பாங்கள், எனக்கும் அங்க இருக்கத்தான் விருப்பம். அப்பா விடேல்ல. திருகோணமலை ஐடென்டி காட்டோட தனிப் பெடியனுக்கு வீடு குடுக்க ஆருக்கும் பயம், குடுக்கிற வீட்டுக்காரர் பொலிசில பதிவு போட்டுத் தந்தா அந்தத் துண்டுக்குத்தான் வாடகை எண்டு அப்பா சொன்னார். அனெக்ஸ் ஒரு கோழிக்கூடு, யன்னலத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். மாசம் முடிய முதலே காசு முடிஞ்சிடும், கடைசிக் கிழமை பாணும் சம்பலும்தான்.

2007 ஜூன் 7, விடியப்புறம் லொட்ஜ்களுக்கு பொலிஸ் வந்து தமிழ் ஆக்கள பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கும் மற்ற ஊருகளுக்கும் அனுப்பினது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது, ஆனா போன ஆக்கள் போனதுதான். நான் மேசையில பதிவுத் துண்ட வச்சுக்கொண்டு விடியும் மட்டும் இருந்தன். ஒருத்தரும் என்ட கதவத் தட்டேல்ல. காட்ஸ் விளையாடின பெடியளில ரெண்டு பேர் அந்த பஸ்ஸில போனவங்கள்.

தங்கச்சிட பிரச்சினை சின்னது எண்டு சொல்ல இத எழுதேல்ல. அலாரம் அடிக்காத ஒரு விடியலுக்காக வாடகை குடுக்கலாமா எண்டு யோசிக்கிற காலம் வந்திருக்கிறத வாசிக்க எனக்கு நல்லா இருந்தது. ஏலுமெண்டா எடுங்கோ.

கல்லடிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நைட் மெயில் அண்ணா, உங்கடத வாசிச்சிட்டு ரெண்டு நாள் பதில் எழுத வரேல்ல.

கச்சான் காத்து அக்கா சொன்ன கேள்வியளோட திரும்பப் போனன். கேட் ஒண்டுதான். வீட்டுக்கார அன்ரிட்ட சீசனப் பற்றிக் கேட்டா, வெளிநாட்டு ஆக்களுக்குக் குடுத்து ஒருக்கா பாத்ரூம் டைல் உடைஞ்சதாம், இனி வேண்டாமாம். கரண்டுக்கு சப் மீட்டர். இதில ஒரு விசயம் பிடிச்சன், அவங்கட வீட்டில ரெண்டு ஏசி, பில் 180 யூனிட் தாண்டித்தான் வரும், 60 யூனிட் தாண்டினாலே முதல் யூனிட்டில இருந்து வேற விலைதானே, என்ட ஒரு ஃபேனும் லைட்டும் ஒரு அயன் பொக்ஸும் அவங்கட ஏசி விலைக்குப் போகும். அதச் சொல்லி வாதாடி வாடகை 26,000, கரண்டுக்கு மாசம் 1,500 கட்டு, அட்வான்ஸ் மூண்டு மாசம். நொத்தாரிசு எண்டதும் அன்ரிட முகம் கொஞ்சம் மாறினது, மகன் லண்டனில இருந்து ஃபோனில "எழுதுங்கம்மா, எங்களுக்கும் நல்லம்" எண்டு சொன்ன பிறகுதான் சரி வந்தது.

பிறகு அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமை பஸ்ஸில வந்திறங்கினாங்க. அம்மா ஒரு கதையுமில்ல, குசினியில பைப்பத் திறந்து பாத்தா, யன்னல் கொளுக்கிய இழுத்துப் பாத்தா, பின்பக்கம் போய் மதிலுக்கு மேல கண்ணாடி பதிச்சிருக்கா எண்டு பாத்தா. அன்ரியோட அரை மணித்தியாலம் கதைச்சா, அதில என்னப் பற்றி என்ன சொன்னா எண்டு தெரியாது, அன்ரி அண்டையில இருந்து என்ன "சின்னவள்" எண்டு கூப்பிடுறா, அது வீட்டுப் பேர். பிறகு அப்பாவும் நானும் சாப்பாடு எடுக்கக் கடைக்குப் போனம். திரும்பி வந்தா அம்மா நிலத்தில பாய் கூட இல்லாம சாறித் தலைப்ப விரிச்சுப் படுத்து நித்திரை. அம்மா பகலில படுத்து நான் கண்டதில்ல, வீட்டில ஆரும் ஒராள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பம். நாங்க சோத்துப் பார்சலப் பிரிக்காம வாசல்ல இருந்தம், ரெண்டு மணித்தியாலம்.

பஸ் ஏறக்குள்ள அம்மா சொன்னா, கூரைய அடுத்த வருசம் பாப்பமாம், ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயிலுக்கு வாற சாட்டில தான் ரெண்டு நாள் வந்து நிப்பாவாம். அப்பாவ ஏன் கூட்டிக்கொண்டு வரேல்ல எண்டு கேக்க வேண்டாமாம்.

வெள்ளிக்கிழமை சாவி தாறாங்க. ஒராள் சமைக்கிறதுக்கு 5 கிலோ காஸ் சிலிண்டர் எத்தினை நாளைக்குக் காணும், தெரிஞ்சாக்கள் சொல்லுங்க, இல்லாட்டி 12.5 எடுத்தாத்தான் புத்தியா? நானா, கொத்து எண்டு பதில் எழுதக் கூடாது.