மறு: தேடலில் ‘பெர்ஃபார்மன்ஸ்’: செயல்திறன் வேண்டாம், ‘தேடல்பாடு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

கூகுள் தளக்காரர்களுக்குத் தருகிற சர்ச் கன்சோல் என்ற கருவியில், தேடலில் நம் தளத்துக்கு என்ன கிடைத்தது என்று காட்டும் பகுதிக்குப் பெயர் ‘பெர்ஃபார்மன்ஸ்’. அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இந்த இழையில் இதுவரை வந்தவை தேடல் செயல்திறன், தேடுபொறிச் செயலாக்கம், தேடல் பெறுபேறு ஆகிய மூன்றும்தான். மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. நாகர்கோவிலில் கடை வைத்திருப்பவர்களுக்கும் வீட்டிலிருந்து பொருள் விற்கிறவர்களுக்கும் இணையதளம் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்கு இந்தச் சொல் உடனே வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயல்திறனில் என்ன கோளாறு என்றால், அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஒரு பக்கம் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்பதற்குத்தான் நாம் எல்லோரும் அதை எழுதி வருகிறோம். முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் திரைக்கு வர வேண்டும், விரலால் தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் ஏதாவது அசைய வேண்டும் என்று கூகுள் வைத்திருக்கிற அளவுகள் இருக்கிறதே, அது செயல்திறன். அதைத் தளக்காரர் உட்கார்ந்து சரிசெய்யலாம். படத்தைச் சிறிதாக்கினால் வேகம் கூடும், அவ்வளவுதான்.

சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் என்ற தலைப்பின் கீழ் வருவது முற்றிலும் வேறு கணக்கு. அங்கே பிரதானமாக நான்கு எண்கள்: தேடல் முடிவுகளில் நம் இணைப்பு எத்தனை முறை வந்தது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, வந்ததில் நூற்றுக்கு எத்தனை சொடுக்கு, சராசரியாக எத்தனையாவது இடம். இதில் தளத்தின் திறன் எங்கே இருக்கிறது? தளக்காரர் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் இருந்தாலும் இந்த எண்கள் ஏறும், இறங்கும். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மாதிரி ஒரு செய்தி வந்தால் நாலு பேர் கூடுதலாகத் தேடுவார்கள், எண் ஏறும். முடிவுகளுக்கு மேலேயே கூகுள் தானாக ஒரு விடையை எழுதிக் காட்ட ஆரம்பித்தால் (2024 முதல் காட்டுகிறது) தேடுகிறவர் அதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். அப்போது நம் இணைப்பு முன்பு போலவே வந்துகொண்டிருக்கும், சொடுக்கு மட்டும் குறையும். இதைத் தளத்தின் திறன் குறைந்தது என்று சொல்வது அநியாயம்.

சராசரி இடத்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. தேன் விற்கிற ஒரு சின்னத் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மார்த்தாண்டம் தேன்’ என்ற தேடலில் 100 முறை வந்தது, எல்லா முறையும் 2-ஆம் இடம். சராசரி 2. அடுத்த மாதம் அதே தளத்தில் தேனீ கொட்டினால் என்ன செய்வது என்று ஒரு கட்டுரை போடுகிறார்கள். அந்தத் தேடலிலும் 100 முறை வருகிறது, ஆனால் 50-ஆம் இடம். இப்போது சராசரி 26. வரைபடத்தில் கோடு பாதாளத்துக்குப் போகும். உண்மையில் பழைய தேடலில் இடம் அப்படியேதான் இருக்கிறது, புதிதாக ஒரு வாசல் வேறு திறந்திருக்கிறது. மேலே ‘செயல்திறன்’ என்று தலைப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினால் கடைக்காரர் என்ன நினைப்பார்? தளம் செய்துகொடுத்த பையனைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்.

தேடுபொறிச் செயலாக்கம் இன்னும் மோசம், பொறி ஏதோ இயங்குகிறது என்ற பொருள்தான் வருகிறது. பெறுபேறு நல்ல சொல், ஈழத்து நண்பர்கள் பரீட்சைப் பெறுபேறு என்று அன்றாடம் எழுதுகிறார்கள். ஆனால் தேடல் பெறுபேறு என்றதும் தேடல் முடிவுகளின் பட்டியலையே குறிப்பதாகத்தான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அளவீட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் இரண்டும் குழம்பும்.

சரி, என் பரிந்துரை: தேடல்பாடு.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் பக்கத்தில் மீன்பாடு என்ற சொல் தெரியாதவர் கிடையாது. இன்று மீன்பாடு நல்லா இருக்கு, இந்த வருஷம் மீன்பாடே இல்லை என்பார்கள். நாளிதழ்களும் அப்படியே போடுகின்றன. கடலுக்குப் போனவரின் கைக்கு என்ன வந்தது என்பதுதான் பாடு. அதில் வலையும் உண்டு, காற்றும் நீரோட்டமும் உண்டு, பருவமும் உண்டு. ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது பாடு இல்லை என்று யாரும் வலையைக் குறை சொல்ல மாட்டார்கள். அதே மாதிரி, பாடு என்றால் எடை மட்டும் இல்லை, என்ன மீன் என்றும் கேட்பார்கள். கூடை நிறையச் சாளை வந்ததும் நாலு நெய்மீன் வந்ததும் ஒரே கணக்கு இல்லை. மேலே சொன்ன தேன் தளத்துக்குக் கொட்டுக்கு மருந்து தேடி ஆயிரம் பேர் வரலாம், ஒரு பாட்டில்கூட விற்காது. ‘ரப்பர் தேன் ஒரு கிலோ’ என்று தேடி வருகிற பத்துப் பேரில் மூன்று பேராவது தொலைபேசியை எடுப்பார்கள். பாடு என்று சொன்னால் இந்தக் கேள்வி தானாக வரும், செயல்திறன் என்றால் வராது.

பருவக் கணக்குக்கும் பொருந்துகிறது. நம் பக்கத்தில் ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கிற காலம்தான் தேன் காலம். (அந்தத் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை, இளந்தளிரின் காம்பில் சுரக்கிறது. இது இந்த இழைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) மார்ச் மாத எண்ணை ஆகஸ்டோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது, போன மார்ச்சோடுதான் ஒப்பிட வேண்டும். சர்ச் கன்சோல் 2018-க்கு முன்னால் 90 நாள் கணக்குத்தான் காட்டியது. இப்போது 16 மாதம் காட்டுவதால் போன வருடத்துப் பாட்டையும் இந்த வருடத்துப் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அப்புறம் இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவுகளில் நம் இணைப்பு வந்த எண்ணிக்கை. ‘பார்வை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை ஏற்க முடியவில்லை. பார்வை என்பதைப் பக்கத்தைத் திறந்து பார்த்ததற்கு வைத்திருக்கிறோம். அதோடு, முடிவுப் பக்கம் திறந்து அதில் நம் இணைப்பு கீழே எங்கேயோ இருந்தாலே போதும், தேடினவர் அதுவரை உருட்டிப் பார்க்காவிட்டாலும் பெரும்பாலும் கணக்கில் சேரும். கண்ணில் படாததைப் பார்வை என்று எப்படிச் சொல்வது? தென்படல் என்பதற்கும் இதே தடைதான். ‘இடம்பெறல்’ என்று வைக்கலாம். எத்தனை முறை இடம்பெற்றது, எத்தனையாவது இடம், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகிறது. வந்ததில் நூற்றுக்கு எத்தனை சொடுக்கு என்கிற சி.டி.ஆர். என்பதைச் சொடுக்கு வீதம் என்று விட்டுவிடலாம், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

—

தம்பி,

இடம்பெறல் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். தேடல்பாடுதான் உதைக்கிறது. மீன்பாடு உங்கள் கடற்கரைக்குத் தெரியும். தோவாளையில் பூக்கட்டுகிறவருக்கே அது பாதிதான் தெரியும், தர்மபுரிக்காரருக்கு எப்படித் தெரியும்? பாடு என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது படாத பாடு. தேடல்பாடு என்றால் தேடித் தேடிப் பட்ட பாடு என்று நினைத்துக்கொள்வார். இன்னொன்று, கடல் கரை கடற்கரை ஆவது போலத் தேடல் பாடு தேடற்பாடு ஆக வேண்டும். இலக்கணத்தை விட்டுவிட்டுக் கலைச்சொல் செய்ய வேண்டாம்.

தோவாளையிலிருந்து

—

அண்ணாச்சி,

துன்பம் என்ற பொருள் எட்டிப் பார்க்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மேம்பாடு, வெளிப்பாடு, உடன்பாடு, வழிபாடு என்று எழுதும்போது யாரும் பாடுபட்டதை நினைப்பதில்லை. முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் பாடு அடங்கிவிடும். தர்மபுரிக்காரருக்கு மீன்பாடு தெரியாவிட்டாலும் மகசூலைக் கண்டுமுதல் என்று சொல்கிறவர் எல்லா ஊரிலும் உண்டு, கைக்கு வந்ததை அளப்பது அவருக்குப் புதிதல்ல. ஒரு வரி விளக்கம் போதும், செயல்திறனுக்கு ஒரு பக்கம் வேண்டியிருக்கிறது.

புணர்ச்சி விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை, விதிப்படி தேடற்பாடுதான். ஆனாலும் நான் பிரிக்காமல், திரிக்காமல் தேடல்பாடு என்றே வைக்கக் கேட்பேன். காரணம் இது தேடலைப் பற்றிய சொல். உலாவியில் ஒரு பக்கத்துக்குள் ‘தேடல்’ என்று தட்டித் தேடினால் அது எழுத்துக்கு எழுத்துத்தான் பார்க்கும், அதற்கு நன்னூல் தெரியாது. தேடற்பாடு அதில் அகப்படாது. ஊர்ப் பெயரிலேயே பாருங்கள், நாகர்கோவில் என்றும் நாகர்கோயில் என்றும் இரண்டு விதமாகத் தட்டுகிறார்கள், அறிக்கையில் இரண்டும் தனித்தனி வரியாகத்தான் நிற்கிறது. இருக்கிற சொல்லிலேயே இந்தத் தொல்லை என்றால், புதுச் சொல்லையும் இரண்டு வடிவத்தில் விட வேண்டுமா?

உங்களுக்கு மனமில்லை என்றால் ஒரு சமரசம்: கட்டுரைகளில் தேடற்பாடு, மென்பொருள் இடைமுகத்திலும் கையேட்டிலும் தேடல்பாடு. எனக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை, ஆனால் செயல்திறனுக்குத் திரும்பிப் போவதைவிட எவ்வளவோ மேல்.

கையேட்டில் இப்போது தேடல்பாடு, இடம்பெறல், சொடுக்கு, சொடுக்கு வீதம், சராசரி இடம் என்று போட்டுவிட்டேன். மிச்சம் இருப்பது குவெரி, அதாவது தேடுகிறவர் தேடல் பெட்டியில் தட்டுவது. வினவல் என்று பழைய கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ‘ரப்பர் தேன் ஒரு கிலோ’ என்று தட்டுகிறவர் எதையும் வினவவில்லையே. தேடுசொல் என்று எழுதலாமா, அல்லது மூன்று நான்கு சொல் சேர்ந்து வருவதால் தேடுதொடரா? தொடர் என்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம், ஒற்றைச் சொல்லை மட்டும் தட்டுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.